மாமனாருக்காக வெட்டிய ஜன்னல்

எங்கள் வீட்டு பால்கனிக்குப் புறா வலை கட்டி முடித்த மறுநாள் காலையிலேயே, என் கணவர் சமையலறைக் கத்திரிக்கோலை எடுத்துப் போய் அதில் ஒரு சதுர ஓட்டை வெட்டினார். தெலுங்கும் இந்தியும் புழங்கும் எங்கள் மல்காஜ்கிரியில் எந்த அடுக்குமாடியைப் பார்த்தாலும் பால்கனிக்கு ஒரு நைலான் வலை இருக்கும். இல்லாவிட்டால் புறாக்கள் வீட்டை எழுதி வாங்கிக்கொள்ளும். நாங்களும் பல வருஷம் புறா எச்சத்தைக் கழுவிக் கழுவி அலுத்துப் போய்த்தான் அந்த வலையைப் போட்டோம். அதில்தான் ஓட்டை. மறந்து வைத்துவிட்டுப் போன சுத்தியலை எடுக்க வந்த வலைக்காரர் அதைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"கைக்கு காட்டே சாப்?" ஏன் வெட்டினீர்கள் என்று கேட்கிறார்.

"அப்பாகே லியே," என்றார் இவர் சாவதானமாக.

அப்பாவுக்காக என்றதும் அந்த மனிதர் முதலில் ஓட்டையைப் பார்த்தார், பிறகு எங்கள் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தார். அந்த அளவு ஓட்டைக்குள் நுழையக்கூடிய அப்பா எங்கே இருக்கிறார் என்று தேடினார் போலிருக்கிறது. நான் விளக்கம் சொல்லப் போகவில்லை. சொன்னால் நானும் சேர்ந்து பைத்தியமாகத் தெரிவேன்.

அப்பா என்றால் காக்கா. என் மாமனார் போய்ப் பல வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து வடித்த சோற்றில் முதல் பிடியைப் பருப்பும் நெய்யும் போட்டுப் பிசைந்து பால்கனிச் சுவரில் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்ட பிறகுதான் என் கணவர் தட்டின் முன் உட்காருவார். அமாவாசை என்றால் காக்கா வாய் வைக்கும்வரை வீட்டில் யாருக்கும் சோறு கிடையாது. எல்லார் வீட்டிலும் செய்வதுதான். ஆனால் இவர் ஒரு படி மேலே. காக்கா வந்து உட்கார்ந்ததும், மடித்துக் கட்டியிருக்கும் வேட்டியை அவிழ்த்துக் கணுக்கால்வரை இறக்கிவிட்டுக்கொண்டு, சற்று ஒதுங்கி நிற்பார். மாமனார் உயிரோடு இருந்தபோதும் அவர் முன்னால் இவர் அப்படித்தான் நிற்பார்.

மாமனார் அரக்கோணத்துப் பக்கத்திலிருந்து இங்கே ரயில்வே பணிமனைக்கு வேலைக்கு வந்தவர். பேச்சு குறைவு. வீட்டில் யார் எதை ஆரம்பித்தாலும் அவரிடம் இருந்தது இரண்டே வார்த்தை. "சும்மா இரு." என் கணவருக்குக் கல்யாணத்துக்கு முன்னால் விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை கிடைத்ததாம். உத்தரவோடு வந்து அப்பாவிடம் நீட்டியிருக்கிறார். "சும்மா இரு" என்றாராம் அவர். இவரும் சும்மா இருந்துவிட்டார். சனத்நகரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, அங்கேயே இருந்து, அங்கேயே ஓய்வும் பெற்றார். இந்த ஊரில் கடல் பார்க்க வேண்டும் என்றால் எல்லாரும் ஓர் இரவு ரயிலேறி விசாகப்பட்டினத்துக்குத்தான் போவார்கள். நாங்கள் மட்டும் போனதில்லை. யாராவது அந்த ஊர்ப் பெயரை எடுத்தால் இவர் உடனே மின்விசிறி சத்தம் போடுகிறது என்று அதைப் பார்க்கப் போய்விடுவார்.

எனக்கு மாமனார் மேல் கோபம் உண்டு. முழுசாகக் கோபப்படவும் முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் ஒரு பொட்டலம் உஸ்மானியா பிஸ்கட் வாங்கி வந்து, ஒன்றும் சொல்லாமல் என் சமையல் மேடையில் வைத்துவிட்டுப் போவார். அவருக்கும் அது உயிர். சாயில், அதாவது டீயில் தோய்த்து, அது ஒடிந்து விழுவதற்குள் லாவகமாக வாய்க்குள் போட்டுக்கொள்வார். மருமகளிடம் அவர் காட்டிய அன்பு எல்லாம் அந்தப் பொட்டலத்துக்குள் இருந்தது.

ஆக, வலையில் வெட்டிய அந்த ஓட்டைக்கு எங்கள் வீட்டில் காக்கா ஜன்னல் என்று பெயர். காக்கா வெளிச்சுவரில் உட்காரும், இவர் உள்ளேயிருந்து கையை நீட்டிச் சோற்றை வைப்பார். புறாக்களுக்கு அது கடைசிவரை பிடிபடவில்லை. ஆனால் பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் ஒரு ஜோடி கொண்டைக்குருவிகள் அதைக் கண்டுபிடித்துவிட்டன. தலையில் கறுப்புக் கொண்டை, வாலுக்கு அடியில் குங்குமம் ஒட்டிக்கொண்டது போல் சிவப்பு. துணி துவைக்கும் இயந்திரத்துக்கு மேலே தொங்கும் மணி பிளான்ட் தொட்டியில், நார், பழைய ரிப்பன், என் மகள் வாரி எறிந்த முடி எல்லாவற்றையும் கொண்டுவந்து கிண்ணம் மாதிரி ஒரு கூடு கட்டின. காக்கா நுழையாத வலைக்குள், காக்காவுக்காக வெட்டிய வழியாக வந்து குடித்தனம். அவற்றின் சாமர்த்தியத்தை நான் மெச்சினேன்.

நான் மாரெட்பள்ளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறேன். குஞ்சுகள் வெளியே வந்த நேரம் எனக்குக் கோடை விடுமுறை. திட்டுவதற்குப் பிள்ளைகள் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு இரண்டு பேர் கிடைத்தார்கள். மூத்தது கெட்டிக்காரப் பிள்ளை. இறக்கை சரியாக முளைக்கும் முன்பே தொட்டி விளிம்பில் ஏறி நின்று படபடவென்று அடித்துப் பார்த்தது. ஒரு நாள் காலை அங்கிருந்து துணிக் கொடிக்குத் தாவி, கொடியிலிருந்து காக்கா ஜன்னலுக்குத் தாவி, அப்பன் ஆத்தாளை ஒரு தடவை பார்த்துவிட்டு எதிர்வீட்டு முருங்கை மரத்துக்குப் போயே போய்விட்டது. நான் கைதட்டினேன்.

இளையதுதான் கடைசி பெஞ்ச். அப்படித்தான் நான் அதைக் கூப்பிட்டேன். தீனிக்கு மட்டும் வாயைக் கிழியத் திறக்கும், இறக்கையை விரி என்றால் தெரியாத மாதிரி இருக்கும். அண்ணன் போன மறுநாள் அதுவும் ஒருவழியாக மனசைத் தேற்றிக்கொண்டு கொடிக்குத் தாவியது. சறுக்கியது, தொற்றியது, பிறகு ஜன்னலின் விளிம்புக்கு வந்து நின்றது. கூடத்தில் நான் காப்பித் தம்ளரோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அந்த நேரம் பார்த்து இவர் அந்தப் பக்கமாகச் சோற்றோடு போய், குஞ்சைக் கவனிக்காமல், "கா, கா" என்றார்.

கூப்பிட்ட குரலுக்கு வந்து நின்றது காக்கா. குஞ்சுக்கும் அதற்கும் நடுவில் ஒரு பிடிச் சோறுதான். இவ்வளவு பெரிய மூக்கை அந்தக் குஞ்சு தன் வாழ்நாளில் பார்த்திருக்காது. மல்லாந்து உள்ளே விழுந்து, தரையில் புரண்டு, துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. நான் போட்ட சத்தத்தில் காக்கா சோற்றை விட்டுவிட்டுப் பறந்தது. இவர் சோறு ஒட்டிய கையோடு என்னைப் பார்த்தார்.

"இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. உங்கப்பாவுக்கு இன்னிக்கு அசைவம் வச்சிட்டிருப்பீங்க, தப்பிச்சுது."

அதன் பிறகு கடைசி பெஞ்ச் ஜன்னல் பக்கமே வரவில்லை. தாயும் தகப்பனும் உள்ளே வந்து ஊட்டிவிட்டுப் போகும். ஊட்டிய பிறகு வெளியே கேபிள் கம்பியில் உட்கார்ந்துகொண்டு, வாயில் ஒரு வெட்டுக்கிளியை வைத்துக் காட்டிக் காட்டிக் கூப்பிடும். இது இயந்திரத்தின் பின்னாலிருந்து வரும், வாளி விளிம்பில் ஏறும், கொடிவரை கூட வரும். ஜன்னலைப் பார்த்ததும் இறகெல்லாம் சிலிர்த்து உருண்டையாகி, வந்த வழியே திரும்பிவிடும். பறக்கத் தெரியாமல் இல்லை. பால்கனிக்குள்ளேயே இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நன்றாகவே போய் வந்தது. பயம் இறக்கையில் இல்லை, அந்த ஜன்னலில் இருந்தது.

காக்காவோ குஞ்சைப் பார்த்துவிட்டது. சோற்றுக்கு மட்டும் வந்துகொண்டிருந்தது இப்போது வேளை கெட்ட வேளையில் வந்து உட்கார்ந்து, ஜன்னலுக்குள் கழுத்தை நுழைத்து இயந்திரத்தின் பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தது. வலை என்றால் அதற்கு ஒரு சந்தேகம், அதனால்தான் இன்னும் உள்ளே வரவில்லை. எத்தனை நாளைக்கு?

நாங்கள் செய்யாததில்லை. மகள் கையால் பிடித்து மரத்தில் விட்டுவிடலாம் என்றாள். துண்டோடு நெருங்கினால் குஞ்சு சுவரில் முட்டிக்கொள்கிறது, தாய்க்குருவி என் தலையிலேயே வந்து கொத்துகிறது. ஜன்னலைக் கட்டிவிட்டால் ஊட்டுவதற்கு வழியில்லை. இன்னோர் ஓட்டை வெட்டினால் காக்கா அங்கேயும் வந்து உட்காரும். மிச்சம் இருந்தது ஒரே வழி. காக்காவுக்கு இந்தச் சுவரில் சோறு வைப்பதை நிறுத்த வேண்டும்.

"கொஞ்ச நாளைக்கு மொட்டைமாடியில வையுங்க," என்றேன்.

"அவருக்கு இந்த எடம்தான் பழக்கம்."

"பழக்கம்னா? செத்தப்புறமும் அவரு சொல்றதுதானா?"

இவர் மின்விசிறியைப் பார்க்கப் போனார். மகள் மடிக்கணினியில் அலுவலகக் கூட்டத்தில் இருந்தாள். ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு, "லைட் தீஸ்கோம்மா," என்றாள். லேசாக எடுத்துக்கொள்ளலாம்தான். குஞ்சு அவளுடையதாக இருந்தால் தெரியும்.

அந்தச் சண்டை நடந்த இரண்டாம் நாள் அமாவாசை. வாழைக்காய் வறுவல், பருப்பு, பாயசம் எல்லாம் செய்து முடித்து இலையில் எடுத்து வைத்தேன். இவர் குளித்து நெற்றி நிறையத் திருநீறு பூசி, இலையைக் கையில் வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போகாமல் வாசல் பக்கம் போய்ச் செருப்பைத் தேடினார்.

"எங்க?"

"மாடிக்கு," என்றார் என் முகத்தைப் பார்க்காமல். "நீ அங்க நின்னு குஞ்சப் பாத்துக்கோ."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காட்டிக்கொள்ளாமல் தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டு காவலுக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் மேலே "கா, கா" என்று குரல் கேட்டது. மூன்றாம் மாடிக்கும் மேலே, வெயிலில் நின்று, அடிவயிற்றிலிருந்து கூப்பிடுகிறார். காக்கா எங்கே இருக்கிறது? என் முன்னால், வழக்கமான சுவரில், வழக்கமான இடத்தில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறது. கைப்பேசி அடித்தது.

"அப்பா அங்க வந்தாரா?"

"வந்து உட்காந்துக்கினு என்னை மொறைக்கிறாரு."

"மேல அனுப்பு."

"சொன்னா கேக்கற மனுசனா அவரு? நீங்களே சொல்லிப் பாருங்க."

மறுபடி "கா, கா". காக்கா ஒரு கண்ணால் மேலே பார்த்தது, மறு கண்ணால் இயந்திரத்தின் பின்னால் பார்த்தது. இயந்திரம்தான் ருசியாகப் பட்டிருக்க வேண்டும், ஒரு காலை ஜன்னலுக்குள் வைத்தது. நான் தோசைத் திருப்பியைக் காட்டினேன். காலை எடுத்தது. மறுபடி வைத்தது. எங்கள் இருவருக்குள் இப்படியே ஒரு பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தபோது, மகள் பசி தாங்காமல் அறையிலிருந்து வெளியே வந்தாள். விஷயம் புரிந்ததும் அலமாரியைத் திறந்து உஸ்மானியா பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். கைப்பேசி வழியாகவே எனக்குக் கேட்டது.

"டாடி, தாத்தாகி பிஸ்கெட் பெட்டு!" தாத்தாவுக்கு பிஸ்கட் வை என்கிறாள்.

"அமாவாசை அன்னிக்கா? கடையில வாங்கினதா?" இவர் தயங்கினார்.

நான் இங்கிருந்து கத்தினேன். "உயிரோட இருந்தப்ப அமாவாசையில சாயும் பிஸ்கட்டும் நிறுத்தினாரா அவரு? வையுங்க!"

பொட்டலத்தைப் பிரிக்கும் காகிதச் சத்தம் கேட்டது. எனக்குக் கேட்டது கைப்பேசியில், காக்காவுக்கு நேராகவே கேட்டிருக்கும். தலையைத் தூக்கியது. அடுத்த நொடி சுவரில் அது இல்லை. பேய், பிசாசு, மறுபிறவி எதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அந்த ஒரு நொடி, மாமனாரேதான் எழுந்து போகிறார் என்று எனக்குத் தோன்றியதை மறைக்க மாட்டேன்.

ஜன்னல் காலியாக இருந்தது. வெளியே கேபிள் கம்பியில் தாய்க்குருவி வெட்டுக்கிளியோடு கூப்பிட்டது. கடைசி பெஞ்ச் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டியது. வாளிக்கு வந்தது. கொடிக்கு வந்தது. நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். ஜன்னலைப் பார்த்தது. சிலிர்த்தது. திரும்பப் போகிறது என்று நினைத்தேன். தாய் மறுபடி கூப்பிட்டது, இது ஒரே தாவலில் ஜன்னல் விளிம்புக்கு வந்து நின்றது. கால் இரண்டும் நடுங்கியது எனக்குத் தெரிந்தது. வகுப்பில் கரும்பலகை முன்னால் சாக்பீஸோடு நிற்கிற பிள்ளைகளின் கால் அப்படித்தான் நடுங்கும். அவர்களை நான் அவசரப்படுத்தியதுண்டு. இதை அவசரப்படுத்தத் தோன்றவில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமோ எடுத்துக்கொள் கண்ணே என்று மனசுக்குள் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எனக்கே வெட்கமாக இருந்தது.

அது குதித்தது. முதலில் பறக்கவில்லை, விழுந்தது. பாதி வழியில் இறக்கைக்கு ஞாபகம் வந்தது போல் அடித்துக்கொண்டு மேலேறி, கேபிள் கம்பியைப் போய்ப் பிடித்தது. கம்பி ஆட, அதுவும் சேர்ந்து ஆடியது. வால் இன்னும் சரியாக வளராத குஞ்சு, வெட்டவெளியில், ஒளிய ஓர் இலை கூட இல்லாத இடத்தில்.

அதே நேரம் மேலே பிஸ்கட்டைக் கொத்தப் போன காக்கா கீழே பார்த்திருக்கிறது. பிஸ்கட்டை விட்டுவிட்டு மாடிச் சுவரிலிருந்து அப்படியே சரிந்து இறங்கியது. நான் கத்த வாயைத் திறப்பதற்குள் சத்தம் மாடியிலிருந்து வந்தது.

"அப்பா! வாணாம்பா! அத்த உட்ருப்பா!" பிறகு தெருவே திரும்பிப் பார்க்கும்படி, தொண்டை கிழிய, "அப்பா! சும்மா இருப்பா!"

கல்யாணமான நாள் முதல் நான் அந்தக் குரலைக் கேட்டதில்லை. அப்படி ஒரு குரல் இவரிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. காக்கா காற்றிலேயே தடுமாறி ஒதுங்கியது. ஒதுங்கிய காக்காவின் தலையில் கொண்டைக்குருவிகள் இரண்டும் மாறி மாறிக் கொத்தி, அதைத் தண்ணீர்த் தொட்டிவரை துரத்தின. கடைசி பெஞ்ச் கம்பியை விட்டு எழும்பி, இந்த முறை விழாமல், நேராக முருங்கை மரத்துக்குள் போய் மறைந்தது. காக்காவுக்குப் பயந்து பறந்ததா, என் வீட்டுக்காரரின் குரலுக்குப் பயந்து பறந்ததா, தெரியாது.

எதிர்வீட்டு அம்மாள் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தவர், கை மாவோடு எழுந்து நின்றார். "ஏமைந்தண்டி? அங்குல் எவர்னி திடுதுன்னாரு?" என்ன ஆச்சு, அங்கிள் யாரைத் திட்டுகிறார் என்று கேட்கிறார்.

"மா மாமய்யனி," என்றேன். எங்கள் மாமனாரை.

மாமனாரின் சாவுக்கு வந்து அழுதவர் அந்த அம்மாள். ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு, "மஞ்சிதே," நல்லதுதான் என்று சொல்லிவிட்டு வடகத்தைப் பார்க்க உட்கார்ந்தார்.

மாடியிலிருந்து இறங்கி வந்தவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. திருநீறெல்லாம் வேர்வையில் வழிந்திருந்தது. கையில் இலை, அதில் சோறு தொடப்படாமல் இருந்தது. "கோச்சிக்கினு போயிட்டாரு," என்றார். அமாவாசைச் சோற்றைக் காக்கா தொடவில்லை என்றால் அதைவிடப் பெரிய குறை எங்கள் வீட்டில் கிடையாது. பாயசம் ஆறி ஏடு கட்டியது. மகள் பொட்டலத்தில் மிச்சமிருந்த பிஸ்கட்டைத் தின்றாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. இவர் இலையைக் காக்கா ஜன்னலில் வைத்துவிட்டு, கூப்பிடத் தைரியமில்லாமல், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

வெயில் சாய ஆரம்பித்த பிறகுதான் வந்தது. சுவரில் உட்கார்ந்து இவரைப் பார்த்தது. இயந்திரத்தின் பின்னால் பார்த்தது, அங்கே ஒன்றும் இல்லை. பருப்புச் சோற்றில் வாய் வைத்தது. பிறகு பாயசம். பிறகு வறுவல். நன்றாகவே சாப்பிட்டது.

இவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மாடிப்படி ஏறும்போது மடித்துக் கட்டிய வேட்டி அப்படியே முழங்காலுக்கு மேல் இருந்தது. நான் பார்த்ததை இவர் பார்த்தார்.

பிறகு மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். நல்ல பசி. ரசத்துக்கு வந்தபோது இவர் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் மகளிடம் கேட்டார்.

"விசாகப்பட்டினத்துக்கு எந்த வண்டி நல்லதுன்னு உன் போன்ல பாரேன்."

மகள் எச்சில் கையை நக்கிவிட்டு இடது கையால் கைப்பேசியை எடுத்தாள். நான் எழுந்து போய், தேவையே இல்லாமல், மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினேன்.